சிம்பொராசோவின் ஹில்ஸ்டார்: பனிக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் ஹம்மிங் பறவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹம்மிங் பறவை என்றதும் நம்மில் பலருக்கு மனத்தில் வருவது ஒரே படம்தான்: வெயிலும் ஈரமும் நிறைந்த காடு, ஒரு சிவப்புப் பூ, அதன் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் விரலளவுப் பறவை. மரமே இல்லாத எரிமலைச் சரிவில், இரவில் தண்ணீர் உறைந்துபோகும் குளிரில் வாழும் ஹம்மிங் பறவையும் உண்டு என்று சொன்னால் உடனே கேள்விகள் வந்துவிடும். பறவை பார்க்கும் நண்பர்களும் பள்ளிப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்தப் பறவையைப் பற்றிப் பேசுகிறோம்?

ஈக்வடார் ஹில்ஸ்டார். சிம்பொராசோ ஹில்ஸ்டார் என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் ஓரியோட்ரோகிலஸ் சிம்பொராசோ. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில், ஈக்வடார் நாட்டின் உயர்ந்த எரிமலைகளைச் சுற்றியும், அதை ஒட்டிய கொலம்பியாவின் தென்கோடியிலும் மட்டும் வாழ்கிறது. 1846-ல் டெலாத்ர், பூர்சியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள்.

பெயரிலேயே மலை இருக்கிறது. 'ஓரோஸ்' என்றால் கிரேக்கத்தில் மலை. இனப்பெயராக வரும் சிம்பொராசோ, ஈக்வடாரின் மிக உயரமான எரிமலை. 6,263 மீட்டர். பூமி நிலநடுக்கோட்டருகே கொஞ்சம் புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்டைவிடத் தொலைவில் இருப்பது இந்தச் சிகரம்தான்.

நம் ஊர்த் தேன்சிட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. தமிழில் பல இடங்களில் ஹம்மிங் பறவையைத் தேன்சிட்டு என்றே எழுதிவிடுகிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். தேன்சிட்டுகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் வேறொரு குடும்பம். காக்கை, குருவிகளின் பெரிய வரிசையில் சேர்ந்தவை. ஹம்மிங் பறவைகளுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரன்கள். 360-க்கும் மேற்பட்ட ஹம்மிங் பறவை இனங்கள் இருக்கின்றன. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே. ஓசனிச்சிட்டு என்ற தமிழ்ப் பெயரையும் சிலர் பயன்படுத்துகிறார்கள், நல்ல பெயர். ஆனால் எல்லாருக்கும் உடனே புரிய வேண்டும் என்பதால் இங்கே ஹம்மிங் பறவை என்றே எழுதுகிறேன்.

"ஊட்டியில் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேனே!" என்று சொல்பவர்களும் உண்டு. பார்த்தது பொய்யில்லை. பெரும்பாலும் அது பருந்து அந்துப்பூச்சியாக இருக்கும். நீளமான உறிஞ்சுகுழலோடு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறக்கை அடித்துக்கொண்டு பூ பூவாகப் போகும் பூச்சி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் பறவை என்றே தோன்றும்.

பார்க்க எப்படி இருக்கும்?

நீளம் சுமார் 12 முதல் 13 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 8 கிராம். நம்முடைய பத்து ரூபாய் நாணயத்தின் எடை 7.7 கிராம். அதைக் கையில் வைத்துப் பார்த்தால் இந்தப் பறவையின் கனம் என்னவென்று புரியும். ஹம்மிங் பறவைகளில் இது பொடியன் இல்லை, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல்தான்.

ஆண் பறவையை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தலை முழுவதையும் கழுத்தையும் மூடினாற்போல் பளபளக்கும் ஊதாநீலம், குல்லா போட்டுக்கொண்டது போல. அந்தக் குல்லா முடியும் இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை. அதற்குக் கீழே வெள்ளை வயிறு, நடுவில் மெல்லிய கருங்கோடு. முதுகு மங்கலான ஆலிவ் பச்சை. வாலின் நடு இறகுகள் கறுத்தும் ஓர இறகுகள் பெரும்பாலும் வெளுத்தும் இருப்பதால், பறக்கும்போது வால் விரிந்தால் சட்டென்று வெள்ளை மின்னும். அலகு கறுப்பு, சுமார் 2 சென்டிமீட்டர், லேசாகக் கீழ்நோக்கி வளைந்தது.

பெண்ணுக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. மேலே மங்கிய பச்சை, கீழே சாம்பல் கலந்த பழுப்பு, வெளுத்த தொண்டையில் சிறு புள்ளிகள். புகைப்படம் எடுப்பவர்கள் பெண்ணைப் பார்த்தவுடன் கேமராவைத் தாழ்த்திவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாறை நிறத்தோடு பாறை நிறமாக ஒட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் தனியாளாகக் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது அந்தப் பெண்தான்.

சில படங்களில் தொண்டை பச்சையாக இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எது சரி?

இரண்டும் சரி. இந்த இனத்துக்குள்ளேயே மூன்று துணையினங்கள் உண்டு. சிம்பொராசோ மலையைச் சுற்றி வாழும் ஆணுக்கு ஊதாக் குல்லாவின் அடிப்பகுதியில், தொண்டையில், மரகதப் பச்சைத் திட்டு ஒன்று இருக்கும். வடக்கே கோட்டோபாக்ஸி, அன்டிசானா, பிச்சின்ச்சா மலைகளிலும் கொலம்பிய எல்லையிலும் வாழும் ஆணுக்கு அந்தப் பச்சை கிடையாது, தொண்டை முழுக்க ஊதாதான். இந்த வடக்குத் துணையினத்துக்கு ஜேம்சோனி என்று பெயர். ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் வாழ்ந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ஜேம்சனின் நினைவாக வைத்தது. மூன்றாவது, கிலோட்டோவா எரிமலை ஏரிப் பகுதியில் இருப்பது. அதற்குத் தொண்டையில் கொஞ்சம் பச்சைப் பொட்டுகள்.

ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவில் தாழ்ந்த பள்ளத்தாக்கு வந்துவிட்டால், இந்தப் பறவைக்கு அது கடல் மாதிரி. மலையுச்சிகள் தீவுகள். தீவுக்குத் தீவு நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஊதா நிறம் ஒரு நொடி மின்னி, அடுத்த நொடி கறுப்பாகிவிடுகிறதே, ஏன்?

அது சாயத்தால் வரும் நிறம் இல்லை. ஹம்மிங் பறவையின் இறகு இழைகளுக்குள் மிக நுண்ணிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மெலனின் என்ற கருநிறமி நிறைந்த அந்தத் தட்டுகளுக்குள் காற்றுக் குமிழ்களும் உண்டு. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் வலுத்துத் தெரிகிறது. சோப்புக் குமிழில் நிறம் தெரிவதும் இதே வகைதான். கோணம் மாறினால் நிறம் போய்விடும். ஆண் பறவை தலையைத் திருப்பினால் போதும், விளக்கை அணைத்தது போலக் கறுத்துவிடும்.

எவ்வளவு உயரத்தில் வாழ்கிறது?

சுமார் 3,500 மீட்டரிலிருந்து 5,200 மீட்டர் வரை. மேல் எல்லை என்பது பனிக்கோட்டை, அதாவது எப்போதும் பனி படிந்திருக்கும் பகுதியின் எல்லையைத் தொடும் இடம். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் உச்சியிலிருந்து இன்னும் சுமார் 860 மீட்டர் செங்குத்தாக ஏறினால்தான் இந்தப் பறவை வாழும் உலகத்தின் கீழ்ப்படியே வரும். உலகில் மிக உயரத்தில் வாழும் ஹம்மிங் பறவைகளில் இதுவும் ஒன்று.

அங்கே என்னதான் இருக்கிறது? மரம் இருக்குமா?

இருக்காது, அல்லது பாறை மறைவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குட்டை மரங்கள். காடு முடிந்து பனி தொடங்குவதற்குள் இருக்கும் அந்த வெட்டவெளிக்குப் பாராமோ என்று பெயர். தூர் தூராக வளரும் முரட்டுப் புல், தரையோடு தரையாக மெத்தை போலப் படரும் செடிகள், கல்லும் மணலும், நடுநடுவே நீரோடை அறுத்த செங்குத்துப் பள்ளங்கள். மூடுபனி வரும்போது பத்தடி தூரத்தில் இருப்பதும் தெரியாது.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே நம் கணக்கில் கோடை, குளிர்காலம் என்று கிடையாது. இரண்டும் ஒரே நாளில் வந்துபோகும். பகலில் மேகம் விலகினால் தோலைச் சுடும் வெயில். சூரியன் மறைந்ததும் குளிர் இறங்கும், இரவில் உறைநிலைக்குக் கீழேகூடப் போகும். வருடம் முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், இரவும் 12 மணி நேரம். எட்டு கிராம் பறவை ஒன்று, சாப்பாடு இல்லாமல் ஒவ்வொரு நாளும் அந்தப் பன்னிரண்டு மணி நேரக் குளிரைத் தாண்ட வேண்டும்.

1802-ல் ஜெர்மானிய அறிஞர் ஹும்போல்ட் சிம்பொராசோவில் ஏறினார். உச்சியைத் தொட முடியவில்லை. ஆனால் அடிவாரத்திலிருந்து பனி வரை எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலையையே வெட்டிக் காட்டியது போன்ற ஒரு படத்தை 1807-ல் வெளியிட்டார். உயரம் மாறினால் உயிர்களும் மாறும் என்பதை உலகுக்குப் புரியவைத்த படம் அது. அந்தப் படத்தின் மேல் பகுதிதான் நம் பறவையின் வீடு.

பூவே இல்லாத இடத்தில் தேனுக்கு எங்கே போகும்?

பூ இருக்கிறது. சுக்கிராகுவா என்ற ஒரு புதர். அறிவியல் பெயர் சுக்கிராகா ஜூசியூயி. சூரியகாந்தியும் சாமந்தியும் சேர்ந்த குடும்பம்தான். பெரும்பாலும் இடுப்பு, மார்பு உயரம் வரை வளரும். இலைகள் சின்னதாக, கெட்டியாக, நுனியில் முள்ளோடு தண்டை மூடிக்கொண்டு இருக்கும். கிளை நுனியில் ஆரஞ்சு நிறப் பூக்கொத்து, தீக்குச்சி பற்றியெரிவது போல. சாம்பலும் பழுப்புமான அந்தச் சரிவில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஈக்வடாரில் இதை மலையேறிகளின் பூ என்று சொல்வார்கள்.

ஹில்ஸ்டாரின் முக்கியமான தேன் இதுதான். சுக்கிராகுவா இருக்கும் இடத்தில் பறவையைத் தேடலாம், இல்லாத இடத்தில் தேடுவது பெரும்பாலும் வீண். பூவுக்கும் இந்தப் பறவை வேண்டும். அலகை உள்ளே விடும்போது ஒட்டிக்கொள்ளும் மகரந்தம் அடுத்த புதருக்குப் போகிறது. குளிரில் தேனீக்கள் சோம்பிக் கிடக்கும் உயரத்தில், வெப்ப இரத்தம் உள்ள ஒரு தூதுவன் கிடைப்பது செடிக்குப் பெரிய விஷயம்.

தேன் மட்டும் போதாது. புரதத்துக்காகச் சின்னப் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். கடும் பனி பெய்து பூக்கள் மூடிப்போகும்போது கொஞ்சம் கீழே இறங்கி வந்துவிடும்.

அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்குமே, எப்படி அந்தரத்தில் நிற்கிறது?

இந்தக் கேள்வியில் இரண்டு கஷ்டங்கள் ஒளிந்திருக்கின்றன. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் சுவாசிக்க ஆக்சிஜன் குறைவு. அதோடு, இறக்கை தள்ளிவிட்டு மேலெழும்பப் போதுமான காற்றும் இல்லை. அந்தரத்தில் நிற்பது பறவைகள் செய்யும் வேலைகளிலேயே அதிகச் சக்தியைத் தின்னும் வேலை. சக்தி அதிகம் வேண்டிய இடத்தில் ஆக்சிஜன் பாதியாகிவிடுகிறது.

முதல் கஷ்டத்துக்குப் பதில் இரத்தத்திலேயே இருக்கிறது. ஆண்டீஸ் ஹம்மிங் பறவைகளின் ஹீமோகுளோபினை ஒப்பிட்டு 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, உயரத்தில் வாழும் இனங்களின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது என்று காட்டியது. வியப்பு என்னவென்றால், வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக மலையேறிய இனங்களிலும் அந்தப் புரதத்தின் அதே இரண்டு இடங்களில்தான் திரும்பத் திரும்ப மாற்றம் நடந்திருக்கிறது.

இரண்டாவது கஷ்டத்துக்கு ஹம்மிங் பறவைகள் இறக்கையை இன்னும் அகலமாக வீசி ஈடுகட்டுகின்றன. உயரத்தில் வாழும் இனங்களுக்கு உடலோடு ஒப்பிட்டால் இறக்கையும் பெரியது. ஆனால் ஹில்ஸ்டார் கண்டுபிடித்த வழி அதைவிட எளிது: முடிந்தவரை உட்கார்ந்துகொள்வது! பூக்கொத்தையோ பக்கத்துக் கிளையையோ காலால் பிடித்துத் தொங்கிக்கொண்டு தேனைக் குடிக்கும். அதற்கேற்றாற்போல் இதன் பாதங்கள் மற்ற ஹம்மிங் பறவைகளின் பாதங்களைவிடப் பெரியவை, பிடி வலுவானது. பாறைச் சுவரில் பல்லி போல ஒட்டிக்கொள்ளும். தரையில் இறங்கித் தத்தவும் செய்யும். பெரும்பாலான ஹம்மிங் பறவைகளின் கால்கள் வெறுமனே கொம்பில் உட்காரத்தான் உதவும், நடக்க உதவாது.

நம் தேன்சிட்டு செம்பருத்திக் கிளையில் உட்கார்ந்துகொண்டு பூவை எட்டிக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சொந்தமே இல்லாத இரண்டு பறவைகள், ஒன்று சென்னைத் தோட்டத்தில், ஒன்று ஆண்டீஸ் உச்சியில், ஒரே மாதிரி உட்கார்ந்து சாப்பிடுகின்றன. இந்தப் பறவையைப் பற்றி நான் அறிந்ததில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இரவில் செத்துப்போய்க் காலையில் உயிர் பெறும் என்கிறார்களே, உண்மையா?

சாவதில்லை. ஆனால் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குச் செத்தது என்றே தோன்றும். உடம்பு சில்லென்று இருக்கும், அசைவு இருக்காது. மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் வெகுவாகக் குறைந்திருக்கும். இதை உறைதூக்கம் என்று சொல்லலாம்.

விழித்திருக்கும்போது ஹம்மிங் பறவையின் உடல் வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸ், நெஞ்சு நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல்கூடத் துடிக்கும். அந்த அடுப்பை இரவு முழுக்க எரியவிட்டால் விடிவதற்குள் விறகு தீர்ந்துவிடும், பறவை உண்மையிலேயே செத்துவிடும். அதனால் அடுப்பைக் கிட்டத்தட்ட அணைத்துவிடுகிறது. பெருவின் ஆண்டீஸில் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் ஆறு ஹம்மிங் பறவை இனங்களை இரவு முழுவதும் அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. அதில் ஒரு பறவையின் உடல் வெப்பம் 3.26 டிகிரி வரை இறங்கியிருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் தயிரின் குளிர்ச்சி! அது கருப்பு மெட்டல்டெயில் என்ற இனம். நம் ஹில்ஸ்டாரின் நெருங்கிய சொந்தமான கருமார்பு ஹில்ஸ்டாரும் அந்த ஆய்வில் இருந்தது. நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது என்று இறங்கிவிடுகிறது. நீண்ட நேரம் உறைதூக்கத்தில் இருந்த பறவைகள் எடையைக் குறைவாக இழந்தன.

காலையில் எழுவது சட்டென்று நடக்காது. வெயில் வருவதற்கு முன்பே நெஞ்சுத் தசைகள் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தில் பிறக்கும் வெப்பம் உடம்பை நிமிடத்துக்கு ஒரு டிகிரி கணக்கில் ஏற்றும். அந்த நேரம் முழுவதும் பறவையால் பறக்க முடியாது, தப்பிக்க முடியாது. அதனால் எங்கே தூங்குவது என்பது உயிர்ப் பிரச்சினை. ஆலிவர் பியர்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் பெருவின் மலைக்குகைகளுக்குள் ஆண்டியன் ஹில்ஸ்டார் என்ற இன்னொரு சொந்தக்கார இனம் இரவைக் கழிப்பதைப் பற்றி 1953-ல் எழுதினார். வெளியே உறைபனி விழும்போதும் குகைக்குள் குளிர் அவ்வளவு கடுமையாக இருக்காது, காற்றும் அடிக்காது.

கூடு எங்கே கட்டும்?

மரமில்லாத ஊரில் பாறைதான் மரம். நீரோடைப் பள்ளங்களின் செங்குத்துச் சுவரிலும், குகை வாயிலிலும், மேலே பாறை நீட்டிக்கொண்டு மழையும் பனியும் நேராக விழாத இடமாகப் பார்த்துக் கூட்டை ஒட்டிவைக்கும். மனிதர் கட்டிய பாலத்தின் அடிப்பக்கமும் கூரைச் சரிவும்கூடப் பயன்படும். பாசி, காய்ந்த புல், இறகு, விலங்குகளின் ரோமம் எல்லாம் சேர்த்துச் செய்த தடித்த கூடு. பறவையின் அளவுக்கு அது பெரிய வீடு. தடிமன் இல்லாவிட்டால் முட்டை குளிர்ந்துவிடும்.

முட்டை இரண்டு. கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் பெண் மட்டுமே. ஹில்ஸ்டார் குடும்பத்தில் அடைகாப்பு சுமார் மூன்று வாரம், அப்புறம் குஞ்சு கூட்டைவிட்டுக் கிளம்ப இன்னும் ஐந்து வாரம்போல ஆகிறது. தாழ்நில ஹம்மிங் பறவைகள் இதைவிடச் சீக்கிரம் முடித்துவிடும். குளிரும் உணவுத் தட்டுப்பாடும் வளர்ச்சியை மெதுவாக்குகின்றன. நல்ல பாறை மறைவு கிடைப்பது அரிது என்பதால், ஒரே பள்ளத்தில் பல கூடுகள் பக்கம் பக்கமாக இருப்பதும் உண்டு. தனிமையும் சண்டையுமாகவே வாழ்பவை என்று பெயர் வாங்கிய ஹம்மிங் பறவைகளில் இது அபூர்வம்.

பாடுமா?

பாடும், ஆனால் உங்கள் காதில் விழுமா என்பதுதான் கேள்வி. ஈக்வடாரைச் சேர்ந்த ஆய்வாளர் ஃபெர்னாண்டா டூக்கேயும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்தப் பறவையின் ஆண் துணையைக் கவரப் பாடும் பாட்டைப் பதிவுசெய்தார்கள். அதன் அடிப்படைச் சுருதி சுமார் 13.4 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலான பறவைகளுக்கு 8, 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காது சரியாகக் கேட்பதில்லை. அப்படியானால் இந்தப் பறவைக்கே தன் பாட்டு கேட்கிறதா? அந்தச் சந்தேகத்தையும் அவர்கள் விடவில்லை. பதிவுசெய்த பாட்டைத் திரும்பப் போட்டுக் காட்டியபோது பறவைகள் கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்தன, மூளையில் ஒலியைக் கையாளும் பகுதிகளும் விழித்துக்கொண்டன. 2020-ல் அந்த முடிவு வெளியானது.

ஏன் இவ்வளவு உச்சஸ்தாயி? பள்ளங்களில் காற்றின் சத்தமும் ஓடையின் இரைச்சலும் மற்ற பறவைகளின் குரலும் தாழ்ந்த சுருதிகளில் நிறைந்திருக்கின்றன. மேலே காலியாக இருக்கும் இடத்தில் இது பாடிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பாடும்போது ஆண் தொண்டையை உப்பவைக்கும், ஊதா இறகுகள் மினுங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு கேட்கும். நடுவயது தாண்டியவர்கள் பலர் தொண்டை அசைவதை மட்டுமே பார்க்க முடியும்.

வேறு ஹில்ஸ்டார்களும் இருக்கின்றனவா?

கொலம்பியாவின் தென்கோடியிலிருந்து அர்ஜென்டினா, சிலி வரை ஆண்டீஸ் நெடுகிலும் மொத்தம் ஏழு இனங்கள். அவற்றில் கடைசியாக உலகுக்குத் தெரியவந்தது நீலத்தொண்டை ஹில்ஸ்டார். ஈக்வடாரின் தென்மேற்கில், எல் ஓரோ, லோஹா மாகாணங்களின் எல்லையில், செர்ரோ தே ஆர்க்கோஸ் என்ற மலைப்பகுதியில் 2017-ல் கண்ணில் பட்டது. 2018-ல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. ஆணின் தொண்டை ஆழ்ந்த நீலம், தலை பச்சை.

அந்த இனத்துக்குச் சொந்தமான நிலம் மொத்தமே சுமார் 100 சதுர கிலோமீட்டர். 750-க்கு மேல் இருக்காது என்பது கண்டுபிடித்தவர்களின் மதிப்பீடு. கண்டுபிடித்த அன்றே அழிவின் விளிம்பில் இருந்த பறவை அது. மேய்ச்சலுக்காகப் புல்வெளியைக் கொளுத்துவதும், அந்தப் பகுதியில் தங்கச் சுரங்கம் வரும் அபாயமும் அதன் தலைக்கு மேல் தொங்குகின்றன.

சிம்பொராசோ ஹில்ஸ்டாருக்கும் ஆபத்து உண்டா?

நீலத்தொண்டை அளவுக்கு உடனடி ஆபத்து இல்லை. இதன் வாழிடம் பெரிது, பெரும்பகுதி கோட்டோபாக்ஸி தேசியப் பூங்கா, சிம்பொராசோ காப்பகம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள் வருகிறது. ஆனாலும் நிம்மதியாக இருக்க முடியாது. புதுப் புல் முளைக்கட்டும் என்று பாராமோவுக்குத் தீ வைக்கிறார்கள். தீயில் முதலில் போவது சுக்கிராகுவா போன்ற புதர்கள்தான். புல் சில மாதத்தில் திரும்ப வந்துவிடும், அந்தப் புதர் வளர வருடங்கள் ஆகும். உருளைக்கிழங்கு வயல்களும் மேல்நோக்கி ஏறுகின்றன. தீ வைப்பவர்களைத் திட்டிப் பயனில்லை, அங்கே ஆடுமாடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஏழை மலைவாழ் மக்கள். பாராமோவின் மண் மழையையும் மூடுபனியையும் பஞ்சு போல உறிஞ்சி வைத்து மெதுவாக விடுகிறது. தலைநகர் கீட்டோவின் குடிநீரில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. நகரத்துக்காரர்கள் அந்தத் தண்ணீருக்கான நன்றியை மலைமேல் வாழும் குடும்பங்களுக்குக் காசாகவும் வேலையாகவும் திருப்பித் தர வேண்டும் என்பது என் கருத்து.

பூமி சூடாவது இன்னொரு கவலை. வெப்பம் கூடினால் செடிகளும் பறவைகளும் மேலே மேலே நகரும். சரி, ஏற்கெனவே பனிக்கோட்டருகே இருப்பது எங்கே போகும்? பனி உருகி வெளிப்படும் கல்லில் சுக்கிராகுவா முளைக்க எத்தனையோ காலம் ஆகும். மலை மேலே போகப் போகக் குறுகிக்கொண்டும் வரும்.

நேரில் பார்க்க முடியுமா? எங்கே போக வேண்டும்?

முடியும், நினைப்பதைவிட எளிதாக. கீட்டோ நகரத்திலிருந்தே பிச்சின்ச்சா எரிமலைச் சரிவுக்குக் கேபிள் கார் போகிறது. இறங்கும் இடமே ஏறத்தாழ 3,900 மீட்டர். கோட்டோபாக்ஸி பூங்காவில் லிம்பியோபுங்கோ ஏரியைச் சுற்றியுள்ள இடமும், அன்டிசானா காப்பகமும், பப்பல்லாக்தா கணவாயும் பறவை பார்ப்பவர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள். பச்சைத் தொண்டை ஆணைத்தான் பார்க்க வேண்டும் என்றால் சிம்பொராசோவுக்கே போக வேண்டும். சுமார் 4,800 மீட்டரில் இருக்கும் கார்ரெல் தங்குமிடம் வரை வண்டி போகும். அங்கே போகும் வழியெல்லாம் ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த விக்குன்யா என்ற விலங்கின் மந்தைகள் மேய்வதையும் பார்க்கலாம்.

கடல் மட்டத்திலிருந்து நேராக அந்த உயரத்துக்குப் போய்விடாதீர்கள். தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் வரும், சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். கீட்டோவே 2,850 மீட்டர், அங்கே சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு போவது நல்லது.

பாறை மறைவில் கூடு தெரிந்தால் பக்கத்தில் போக வேண்டாம். தாய் பயந்து பறந்தால், அந்தக் குளிரில் குஞ்சு தாங்கும் நேரம் கொஞ்சம்தான். காலை வெயில் சரிவில் விழத் தொடங்கும்போது, நன்றாகப் பூத்த சுக்கிராகுவா புதர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பத்து மீட்டர் தள்ளி, காற்று அடிக்காத பக்கம் அசையாமல் உட்காருங்கள். இரவின் குளிரிலிருந்து எழுந்த பறவைக்கு அப்போதுதான் பசி அதிகம். அந்தப் புதருக்கு அது எப்படியும் வரும்.